பழைய பென்ஸ் எஸ்டேட்டைக் கட்டுபடியாகிற செலவில் ஓட்டுவது: கொங்குப் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

இங்கே பேசுவது மெர்சிடிஸ் பென்ஸ் 124 வரிசை எஸ்டேட் காரைப் பற்றி; எஸ்டேட் என்றால் கூரை பின்னால் வரை நீண்டு பெரிய டிக்கி வைத்த கார். 1985க்கும் 1996க்கும் இடையில் ஜெர்மனியில் செய்த வண்டி. கம்பெனிக் கணக்கில் இதன் பெயர் எஸ்124. இந்தியாவில் இதை அசெம்பிள் செய்யவில்லை, ஒன்றிரண்டாக இறக்குமதியாகி வந்ததுதான். ஆனால் இதே வரிசையின் செடான் 1995 முதல் புனேயில் தயாரானது. முன்பக்கத்துச் சாமான்கள், பிரேக், ஸ்டியரிங் போன்றவை பெரும்பாலும் செடானுக்கும் இதற்கும் ஒன்றே. பின்பக்க சஸ்பென்ஷனும் டிக்கிக் கதவும்தான் தனி ஜாதி.

ஏனுங்க, விலை மலிவா ஒண்ணு வருது. வாங்கலாமுங்களா?

விலையைப் பார்த்து வாங்காதீர்கள், ரப்பரைப் பார்த்து வாங்குங்கள். இந்த வண்டியில் இரும்பு சாகாது. ரப்பர், பிளாஸ்டிக், ஒயர் மேல்தோல் இவைதான் சாகும். அவையெல்லாம் ஒரே வயசு என்பதால் ஒரே சமயத்தில் சாகும்.

முதலில் வண்டி எஸ்டேட்டாகவே பிறந்ததா என்று சேஸிஸ் நம்பரைப் பாருங்கள். போனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் தடுப்புத் தகட்டில் குத்தியிருக்கும். 124 என்ற எண்ணை அடுத்து 08 அல்லது 09 வந்தால் பெட்ரோல் எஸ்டேட், 18 அல்லது 19 வந்தால் டீசல் எஸ்டேட். அதற்கடுத்த இலக்கத்தை விட்டு அடுத்ததைப் பாருங்கள்: 1 என்றால் இடப்பக்க ஸ்டியரிங்காகப் பிறந்தது, 2 என்றால் வலப்பக்கம். ஆர்.சி. புக்கில் உள்ளது இதனோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் எழுந்து வந்துவிடுங்கள். எஞ்சினை மாற்றிவிடலாம், நம்பரை மாற்ற முடியாது.

அப்புறம் ஜாக்கி வைக்கும் துளைகளைப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பிளாஸ்டிக் பட்டையில் சின்ன மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால் தெரியும். கடற்கரை ஊரில் ஓடிய வண்டிக்கு அங்கேதான் முதலில் துரு ஏறும். கோயமுத்தூர், ஈரோடு வண்டி என்றால் இந்த விஷயத்தில் பெரும்பாலும் பயமில்லை. நம் வறண்ட காற்று ரப்பருக்குத்தான் எமன், தகட்டுக்கு இல்லை.

முதல் வருஷம் எவ்வளவு எடுத்து வைக்கோணும்?

வாங்கிய விலையில் பாதியைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது முழுக்கச் செலவாகாமல் போகலாம். ஆனால் கையில் அந்தப் பணம் இல்லாமல் வாங்கியவர்கள்தான் வண்டியைப் பட்டறை வாசலில் புங்க மரத்தடியில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

செலவு வரிசையை மாற்றாதீர்கள். நிற்கிறது முதலில், ஓடுகிறது அப்புறம், ஏ.சி. கடைசியில். பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில், டயர், பால் ஜாயின்ட் முதல் வாரம். ரேடியேட்டர் ஹோஸ், கூலன்ட், பெல்ட், தெர்மோஸ்டாட் முதல் மாதம். எல்லா ஆயிலும் எல்லா ஃபில்டரும் அதோடு. பெயின்ட், சீட் தோல், மர டிரிம் இவையெல்லாம் இரண்டாம் வருஷக் கதை.

பென்ஸ் தெரிஞ்ச மெக்கானிக் எங்க ஊர்ல இல்லீங்க. என்ன பண்றது?

ஒரே ஆளிடம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பம்ப், மோட்டார், தறி, ரிக், லாரி என்று இந்தப் பக்கம் நடக்கிற தொழில்களுக்காகவே இருக்கும் பட்டறைகள் போதும்; எந்த வேலை யாரிடம் என்று பிரித்துக் கொடுக்கத் தெரிய வேண்டும்.

ஏ.சி. புளோயர் மோட்டார், டைனமோ, செல்ஃப் மோட்டார் இவற்றைக் கோயமுத்தூர் ரிவைண்டிங் கடைகளில் கொடுங்கள். கார்பன் பிரஷ், புஷ் மாற்றி, கம்யூட்டேட்டரைக் கடைசல் பிடித்துக் கொடுத்தால் புதிது வாங்கும் செலவில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். டைனமோவின் ரெகுலேட்டரும் பிரஷ்ஷும் ஒரே துண்டாகப் பின்னால் இரண்டு ஸ்குரூவில் இருக்கும். பிரஷ் 5 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும், டைனமோவையே மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஹைட்ராலிக் ஹோஸ், பவர் ஸ்டியரிங் ஹோஸ் கசிந்தால் திருச்செங்கோடு. போர் போடும் ரிக் வண்டிகளுக்கு ஹோஸ் கிரிம்ப் செய்யும் கடைகள் உண்டு. உங்கள் வண்டியில் வரும் அழுத்தம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பழைய ஹோஸை முழுசாகக் கழற்றி எடுத்துப் போங்கள். இரு முனை நிப்பிளும் எந்தத் திசையில் திரும்பி நிற்கிறது என்று கழற்றும் முன்பே கோடு கிழித்துக்கொள்ளுங்கள். நிப்பிள் 20 டிகிரி திரும்பிவிட்டால் ஹோஸ் முறுக்கிக்கொண்டு, ஆறே மாதத்தில் அதே இடத்தில் வெடிக்கும்.

டீசல் பம்ப், நாசில் வேலைக்கு நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைப் பக்கம். இந்த வண்டியில் இருப்பது பாஷ் இன்லைன் பம்ப். மேசையில் வைத்துக் காலிபரேட் செய்வது அவர்களுக்கு அன்றாட வேலை.

லேத்தில் கொடுக்கக்கூடாதவையும் உண்டு: பால் ஜாயின்ட், பிரேக் காலிப்பர் பிஸ்டன், ஸ்டியரிங் ராடு. இவற்றை ‘அப்படியே கடைஞ்சு தர்றேன்’ என்று அன்போடு சொன்னாலும் வேண்டாம். அளவு சரியாக வரும், உலோகம் சரியாக வராது.

பின்பக்கம் மாட்டு வண்டி மாதிரி குதிக்குது. ஷாக் அப்சர்வர் போயிருச்சுங்களா?

பெரும்பாலும் இல்லை. இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எஸ்டேட்டின் பின்னால் காயில் ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஒரு ஹைட்ராலிக் அமைப்பு வேலை செய்கிறது. எஞ்சின் முன்னால் ஒரு ஹைட்ராலிக் பம்ப், தனி ஆயில் டேங்க், பின்னால் ஸ்டெபிலைசர் கம்பியோடு சின்ன லிங்க்கால் இணைந்த லெவல் வால்வு, ஷாக் அப்சர்வர் இடத்தில் இரண்டு ஹைட்ராலிக் ராம், அவற்றுக்கு ஆளுக்கொரு உருண்டை. டிக்கியில் பாரம் ஏறினால் வண்டி தணிகிறது, லிங்க் வால்வைத் திருப்புகிறது, ஆயில் உள்ளே போய் வண்டியைப் பழைய உயரத்துக்குத் தூக்குகிறது. உருண்டைக்குள் ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் ஆயில். சாலைக் குலுக்கலை வாங்குவது அந்த வாயுதான். வருஷக்கணக்கில் வாயு கசிந்து உருண்டை முழுக்க ஆயில் நிரம்பிவிட்டால் அமுங்க எதுவும் மிச்சமில்லை. ஆயில் அமுங்காது, வண்டி குதிக்கும்.

சோதிப்பது எளிது. சமதளத்தில் எஞ்சினை ஐடிலில் விட்டு, பின் வீல் ஆர்ச்சின் விளிம்புக்கும் வீல் மையத்துக்கும் உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டிக்கியில் இரண்டு பெரிய ஆட்கள் ஏறி உட்காரட்டும். வண்டி தணிந்து, கொஞ்ச நேரத்தில் மெதுவாக எழுந்து பழைய உயரத்துக்கு வந்தால் பம்ப்பும் வால்வும் நன்றாக இருக்கின்றன. எழுந்தும் குதித்தால் உருண்டைகள் முடிந்தன. எழவே இல்லை என்றால் முதலில் டேங்கில் ஆயில் இருக்கிறதா, அடுத்து அந்தச் சின்ன லிங்க் கழன்று தொங்குகிறதா என்று பாருங்கள். பம்ப்பைக் குறை சொல்வது அதற்குப் பிறகு.

உருண்டை மாற்றும் முறை: எஞ்சினை நிறுத்தி, பாரத்தை இறக்கி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது, ஏனென்றால் அழுத்தம் இறங்கும்போது பின்பக்கம் தணியும். லெவல் வால்வில் உள்ள பிளீடர் ஸ்குரூவில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, மெதுவாகத் திறங்கள். ஆயில் சீறி வந்து நின்ற பிறகே பைப் நட்டில் கை வைக்க வேண்டும். நட்டைத் திறக்க சாதா ஸ்பேனர் வேண்டாம், பிரேக் பைப்புக்கு உள்ள வாய் பிளந்த ரிங் ஸ்பேனர். இல்லையேல் நட்டு உருண்டுவிடும். முந்தின நாள் இரவே பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து வையுங்கள். இரண்டு உருண்டையையும் ஒன்றாகவே மாற்றுங்கள். டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

பிறகு ஆயில் ஊற்றி எஞ்சினை ஓட விட்டு, லிங்கைக் கழற்றி வால்வின் கையைத் தூக்கும் திசையில் பிடித்தால் வண்டி எழும். பிளீடரில் குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை விட்டு மூடுங்கள். லெவல் பார்ப்பது பாரம் இல்லாத நிலையில். ஒரு லிட்டர் டின் மூன்று வாங்கி வைத்தால் கழுவி நிரப்பவும், மிச்சம் டாப்-அப்புக்கும் ஆகும்.

இந்த ஹைட்ராலிக் ஆயில் டின்னில் எம்.பி. 343.0 என்ற பென்ஸ் ஒப்புதல் எண் அச்சிட்டிருக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில் எதுவும் கூடாது. குறிப்பாகப் பிரேக் ஆயில்: தெரியாமல் ஒரு தடவை ஊற்றினால் எல்லா சீலும் ஊதி, பம்ப், வால்வு, இரண்டு ராம் என்று மொத்த அமைப்பும் போய்விடும். டேங்க் மூடியிலேயே பெயின்டில் எழுதி வையுங்கள்.

அதையெல்லாம் எடுத்துட்டு சாதா ஷாக் போட்டுக்கலாமுங்களா?

போடலாம், ஓடும். ஆனால் ஸ்பிரிங்கும் சேர்த்து மாற்ற வேண்டும். இருக்கிற ஸ்பிரிங் ஒரு பங்கு பாரத்தை ஹைட்ராலிக் பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கில் செய்தது. ஷாக் மட்டும் மாற்றினால் நான்கு பெட்டி பனியன் ஏற்றியதும் டிக்கி தரையைத் தேடும், ஹெட்லைட் எதிரில் வருபவர் கண்ணைக் குத்தும். முழுச் செலவையும் கூட்டிப் பார்த்தால் உருண்டை இரண்டும் ஹோஸும் மாற்றுவதே பெரும்பாலும் மலிவு. ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் கட்டை திணிக்கும் வித்தையை மட்டும் செய்யாதீர்கள், ஸ்பிரிங் அந்த இடத்திலேயே முறியும்.

வால்பாறை ஏறினா சூடு காட்டுற முள்ளு மேலே போகுது.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. வெயிலில், ஏ.சி. போட்டு, ஆள் நிறைந்து ஏறினால் முள் 80ஐத் தாண்டுவது இயல்புதான். 100 வரை கவலை வேண்டாம். 105ஐ ஒட்டி முன்னால் உள்ள எலக்ட்ரிக் ஃபேன் வேகமாக ஓட ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மேலும் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, கண்ணாடியை இறக்கி, இடம் பார்த்து ஒதுங்குங்கள்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஒன்று, விஸ்கஸ் ஃபேன் கிளட்ச், அதாவது சூடானதும் ஃபேனை எஞ்சினோடு சேர்த்துப் பிடித்துச் சுற்ற வைப்பது. எஞ்சின் நன்றாகச் சூடானதும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் தள்ளுங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டும். சைக்கிள் வீல் மாதிரி சுற்றினால் கிளட்ச் போச்சு. இரண்டு, ஏ.சி. கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைத்திருக்கும் பஞ்சும் பூச்சியும். நூல்மில், தறிக் கொட்டகை ஓரம் நிற்கும் வண்டி என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டரை வெளியே எடுத்து, எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும்.

மூன்றாவது காரணம் தண்ணீர். போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்து உப்புத் தண்ணீர் டீக்கடைப் பாய்லரில் என்ன செய்கிறதோ அதையேதான் சிலிண்டர் ஹெட்டிலும் செய்யும். சிறுவாணி தண்ணீர் குடிக்கத் தித்திப்பு. ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். பேட்டரி கடை டிஸ்டில்ட் வாட்டர் பாதி, கூலன்ட் பாதி, மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் முழுசாக மாற்ற வேண்டும். மேல் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்து வயதானால் சொல்லாமல் ஒடியும். கழுத்துக்குள் இறுக்கமாக உட்காரும் மெல்லிய பித்தளைப் புஷ் ஒன்றை லேத்தில் கடைந்து போட்டுவிட்டால் ஹோஸ் கிளிப் இறுக்கத்தில் கழுத்து நசுங்காது. லேத்தில் தாராளமாகக் கொடுக்கக்கூடிய வேலை இது.

ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு சொல்றாங்க. ஹெட்டை பிளேனிங் பண்ணிப் போட்டாச் சரியாகுமுங்களா?

முதலில் பிரஷர் டெஸ்ட், கிராக் டெஸ்ட். பிளேனிங், அதாவது ஹெட்டின் அடிமுகத்தைச் சீவிச் சமமாக்குவது, அதற்கப்புறம். ஓ.எம். 602 என்ற ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சினில் ஹெட்டின் உயரம் புதிதில் 143 மி.மீ. சுற்று, 142.5க்குக் கீழே போகக்கூடாது. கடைக்காரரிடம் கொடுக்கும் முன் வெர்னியரில் அளந்து எழுதிக் கொடுங்கள், ‘கோணல் போகிற அளவு மட்டும் எடுங்க’ என்று சொல்லுங்கள். டீசல் ஹெட்டில் பிரீசேம்பர் (டீசல் முதலில் எரியும் சின்ன அறை) கீழே நீட்டிக்கொண்டிருக்கும். தகடு எடுத்த அளவுக்கு அது இன்னும் வெளியே வரும், பிஸ்டனில் இடிக்கும். எனவே பிளேனிங்குக்குப் பின் அந்த நீட்டத்தை அளந்து, வேண்டுமானால் தடித்த வாஷர் போட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டு எஞ்சினையே உடைத்தவர்கள் உண்டு.

ஹெட் போல்ட் இழுபடும் வகை. நீளம் அளந்து, வரம்பு தாண்டியதை மாற்ற வேண்டும். இறுக்குவது முதலில் 10, அடுத்து 35 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, பத்து நிமிஷம் விட்டு இன்னொரு 90 டிகிரி. ‘கை அளவு தெரியுமுங்க’ என்பவரிடம் டார்க் ரெஞ்சைக் கையில் கொடுத்துப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

சாவியைத் திருப்பியும் டீசல் எஞ்சின் நிக்க மாட்டேங்குது. பேய் பிடிச்ச மாதிரி ஓடுது.

பேய் அல்ல, வேக்கம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) போதவில்லை. இந்த எஞ்சினை நிறுத்துவது கரண்ட் அல்ல, வேக்கம்தான். சாவியைத் திருப்பினால் வேக்கம் போய்ப் பம்ப்பில் உள்ள டயாஃப்ரத்தை இழுத்து டீசலை அடைக்கும். அதே வேக்கம்தான் டேஷ்போர்டுக்குள் ஏ.சி. காற்றைத் திருப்பும் மடல்கள் வரையிலும் போகிறது. அங்கே ஒரு ரப்பர் கிழிந்தால்கூட எஞ்சின் நிற்கத் தாமதிக்கும். அதுவரை, போனட்டைத் திறந்து பம்ப் பக்கத்தில் ‘ஸ்டாப்’ என்று எழுதிய லீவரை அழுத்தினால் நிற்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு கை வேக்கம் பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள், பலமுறை உழைக்கும். ஒவ்வொரு கிளையையும் தனியாகக் கழற்றி இழுத்துப் பாருங்கள். முள் நின்றால் நல்லது, இறங்கினால் அந்தக் கிளைதான். பெரும்பாலும் போவது முக்கால் ரூபாய்க்குப் பெறாத ரப்பர் கனெக்டர்.

வேக்கம் பம்ப்பே டக் டக் என்று தட்டினால் வண்டியை அப்படியே நிறுத்துங்கள். அதன் பேரிங் உடைந்தால் குண்டுகள் டைமிங் செயினுக்குள் விழும், எஞ்சின் அங்கேயே முடிந்தது. பெல்ட் மாற்றும்போதெல்லாம் அதையும் கழற்றிக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

பம்ப் மேலே டீசல் ஈரம். பம்ப்பை இறக்கோணுமா?

வேண்டாம். பிரஷர் பைப் ஏறும் இடத்தில் டெலிவரி வால்வு ஹோல்டருக்குள் ஒரு ஓ-ரிங்கும் காப்பர் வாஷரும் இருக்கும். ரப்பர் இறுகிவிட்டது, அவ்வளவுதான். பல் வெட்டிய தனி சாக்கெட் வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து, மாற்றி, மூடிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒரு மணல் துகள் விழுந்தால் நாசில் காலி, எனவே முதலில் முழுப் பம்ப்பையும் டீசலால் கழுவி, காற்றடித்துக் காயவிடுங்கள்.

டிராக்ஸ், டிராவலர் வேன் எஞ்சினும் பென்ஸ்தானே? அந்தச் சாமான் சேருமா?

சேராது. அவற்றில் வந்தது ஓ.எம். 616, தலைமுறை வேறு. 124இல் வருவது 601, 602, 603 குடும்பம், கடைசி வருஷங்களில் 605, 606. பெயர் ஒன்றுதான், பிஸ்டன் முதல் கேஸ்கெட் வரை எதுவும் ஒன்றல்ல. உக்கடம் பழைய சாமான் கடைகளில் ‘பென்ஸ் சாமான்’ என்று கேட்டால் இந்தக் குழப்பத்தில் வேறு ஏதோ கைக்கு வரும். பழைய சாமானைக் கொண்டுபோய் ஒட்டி வைத்துப் பாருங்கள்.

என்ன எஞ்சின் ஆயிலுங்க?

டீசலுக்கு லாரி ஆயிலே போதும்: 15டபிள்யூ-40, டப்பாவில் எம்.பி. 228.3 இருக்கட்டும். ஐந்து சிலிண்டருக்கு ஃபில்டரோடு சேர்த்து ஏழு லிட்டர் சுற்று பிடிக்கும். ஆறு ஊற்றி, டிப்ஸ்டிக் பார்த்து, மிச்சத்தை ஊற்றுங்கள். வருஷம் ஒரு தரம், எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும்.

பெட்ரோல் வண்டி. மிஸ் ஆகுது, ஐடில் ஏறி இறங்குது, சில சமயம் ஏ.பி.எஸ். லைட்டும் எரியுது.

ஏ.பி.எஸ். லைட்டும் சேர்ந்து எரிந்தால் முதலில் ஓவர் வோல்டேஜ் ரிலே. பேட்டரிக்குப் பின்னால், தலையில் சிவப்பு ஃபியூஸ் வைத்த சின்ன அலுமினியப் பெட்டி. உள்ளே ஈயப் பற்று வெடித்திருக்கும். திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் கால்களைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வளையம் தெரியும். டி.வி. ரிப்பேர்க்காரர் பத்து நிமிஷத்தில் சால்டர் வைத்துத் தருவார்.

1990களின் முதல் பாதியில் வந்த பெட்ரோல் எஞ்சின் என்றால் ஒயரிங்கைப் பாருங்கள். அந்த வருஷங்களில் மண்ணில் மக்கும் வகை மேல்தோலைப் போட்டார்கள். அது எஞ்சின் சூட்டிலேயே மக்கிவிட்டது. ஒயரை மெல்ல வளைத்தால் அப்பளம் மாதிரி உதிரும். டேப் சுற்றுவது தீர்வு அல்ல. கனெக்டர்களை வைத்துக்கொண்டு, சூடு தாங்கும் சிலிக்கான் அல்லது டெஃப்லான் ஒயரில் முழு ஹார்னஸையும் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். பழையதை மேசையில் விரித்து, நீளமும் நிறமும் படமெடுத்து, ஒவ்வொரு பின்னையும் எழுதிக்கொண்டு செய்தால் நல்ல எலக்ட்ரீஷியனுக்கு மூன்று நான்கு நாள் வேலை.

இப்போதைய இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் டியூப் தாங்காது. டேங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ரப்பர் டியூபையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலியாக விடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

டிக்கியில வைப்பர், லாக், லைட்டு எதுவும் வேலை செய்யலை.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஃபியூஸையும் விரலால் ஒருமுறை சுழற்றுங்கள். அலுமினிய ஃபியூஸின் முனையில் வெள்ளை உப்புப் பூத்துக் கரண்ட்டைத் தடுக்கும். பாதி எலக்ட்ரிக்கல் வியாதி இதிலேயே தீரும். பிறகு செம்பு ஃபியூஸுக்கு மாறிவிடுங்கள்: வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25 ஆம்பியர்.

அதன் பிறகும் வரவில்லை என்றால் டிக்கிக் கதவுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்கும். பல்லாயிரம் தரம் மடங்கினால் அறத்தான் செய்யும். குழாயை உருவி, மடங்கும் இடத்தைத் தாண்டி இருபுறமும் புது மெல்லிழை ஒயர் சேர்க்க வேண்டும். மடங்கும் இடத்திலேயே ஒட்டுப் போட்டால் அடுத்த மழைக்குள் மறுபடி அறும்.

ஆட்டோமேட்டிக் கியர் தூக்கித் தூக்கிப் போடுது.

கியர் பாக்ஸைப் பிரிக்கும் முன் வேக்கம் குழாயைப் பாருங்கள். டீசலில் கியர் மாறும் மென்மையை வேக்கம் தீர்மானிக்கிறது. குழாய் சரி என்றால் ஆயில். கியர் பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டைக் கழற்றி ஃபில்டர், கேஸ்கெட் மாற்றுங்கள். டார்க் கன்வெர்ட்டருக்கும் தனி டிரெயின் பிளக் உண்டு, பெரும்பாலோர் அதைத் தொடுவதில்லை. முன் பக்க கிராங்க் போல்ட்டை 27 சாக்கெட்டால் கடிகாரத் திசையில் மட்டும் சுற்றினால் பிளக் கீழே வரும். அதையும் வடித்தால் ஆறு லிட்டர் சுற்று பிடிக்கும். டெக்ஸ்ரான் 3 போதும். லெவல் பார்ப்பது சூட்டில், ஐடிலில், ‘பி’யில் வைத்து. டிப்ஸ்டிக்கைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம்; ஒரு நூல் உள்ளே போனால் வால்வு சிக்கிக்கொள்ளும். அது எங்கும் கிடைக்கிற ஊர் என்பதால்தான் சொல்கிறோம்.

எண்பதுல போனா சீட்டு நடுங்குது.

வீல் பேலன்ஸ் சரி என்றால், பிராப்பெல்லர் ஷாஃப்டின் முன்னும் பின்னும் உள்ள ரப்பர் டிஸ்க், நடுவில் சென்டர் பேரிங். டிஸ்கில் போல்ட் துளைகளுக்கு இடையே வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், நட்டும் புதிது. ஷாஃப்ட் நடுவே உள்ள பெரிய நட்டை முதலில் தளர்த்தி, எல்லாம் மாட்டி, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகு கடைசியாக இறுக்க வேண்டும். இந்த ஒரு வரிசை தவறினால் புதுச் சாமான் போட்டும் நடுக்கம் போகாது. நிற்கும்போது மட்டும் நடுங்கினால் அது எஞ்சின் மவுண்டிங்.

ஏ.சி.?

புளோயர் கீச்சிட்டால் ரிவைண்டிங் கடை. கேஸ் நிற்கவில்லை என்றால் கன்டென்சர், ஹோஸ், ஓ-ரிங் எல்லாவற்றையும் சோதித்துவிட்டுக் கடைசியாகத்தான் கூலிங் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். காயிலை எடுக்க மொத்த டேஷ்போர்டும் வெளியே வர வேண்டும். அப்படி ஒருமுறை திறந்தால் ஹீட்டர் காயிலையும் பார்த்துவிடுங்கள். பழைய ஆர்12 கேஸ் வண்டியை ஆர்134ஏ கேஸுக்கு மாற்றும்போது டிரையர், ஓ-ரிங், கம்ப்ரஸர் ஆயில் மூன்றையும் மாற்றாமல் கேஸை மட்டும் ஏற்றினால் கம்ப்ரஸர் சிக்கும்.

டயர் கிடைக்குங்களா?

195/65 ஆர்15, எந்த ஊர்க் கடையிலும். எஸ்டேட்டில் பாரம் ஏற்றுவதால் லோட் எண் 91க்குக் குறையக்கூடாது. வீல் போல்ட் 110 நியூட்டன் மீட்டர்.

பதினைஞ்சு வருஷம் தாண்டுச்சு. டீசல் வேற. ஓட்ட முடியுமுங்களா?

டெல்லிப் பக்கத்து பத்து வருஷ டீசல் கட்டுப்பாடு தமிழ்நாட்டுக்கு இல்லை. ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை படிவம் 25இல் புதுப்பிக்க வேண்டும், வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும். கட்டணத்தில் கவனம்: 2022 ஏப்ரல் முதல் சொந்தக் காருக்கு ரூ.5,000, இறக்குமதிக் காருக்கு ரூ.40,000. 2025 ஆகஸ்ட் அறிவிக்கைப்படி 20 வருஷம் தாண்டியவற்றுக்கு அவை ரூ.10,000, ரூ.80,000. எஸ்டேட் இறக்குமதி வண்டி என்பதால் பெரிய தொகையைக் கணக்கில் வைத்தே விலை பேசுங்கள். ஆர்.சி. எப்போது முடிகிறது என்பது எஞ்சின் நிலையைவிட விலையை அதிகம் மாற்றும். பசுமை வரி தனி.

புகைச் சான்றுக்கு இந்த வயசு டீசலின் வரம்பு 65 எச்.எஸ்.யூ. (புகை அடர்த்தியின் அலகு). போகும் முன் ஏர் ஃபில்டர் மாற்றி, பைபாஸில் முப்பது கிலோமீட்டர் நன்றாக மிதித்து ஓட்டி, சூட்டோடு போய்க் காட்டுங்கள். அப்படியும் தாண்டினால் நாசில் பார்க்க வேண்டும்.

மாசத்துக்கு ஒரு தரம்தான் எடுப்போம். எப்படி வைக்கிறது?

பேட்டரி இறங்கினால், எல்லாக் கதவும் மூடி, நெகட்டிவ் டெர்மினலுக்கும் அதிலிருந்து கழற்றிய கேபிளுக்கும் நடுவில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவித் திருடனைக் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலும் டிக்கி லைட்.

ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷத்தில் அணைப்பதற்குச் செய்யாமலே இருக்கலாம். எடுத்தால் அரை மணி நேரம் ஓட்டுங்கள், அதில் ஏ.சி. பத்து நிமிஷமாவது ஓடட்டும், இல்லாவிட்டால் கம்ப்ரஸர் சீல் காய்ந்துவிடும். தென்னந்தோப்பில் நிறுத்துவதானால் வைப்பருக்குக் கீழே உள்ள தண்ணீர் வடியும் துளைகளை மாதா மாதம் கையால் வழித்துவிடுங்கள். அங்கே சருகு அடைத்தால் ஆடி மழையில் தண்ணீர் புளோயர் மோட்டாரின் மேல்தான் இறங்கும். எலிக்கு இந்த வண்டி ஒயர் ரொம்பப் பிடிக்கும். வாரம் ஒருமுறையாவது போனட்டைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள்.